மாதம் ஒரு ஞாயிறு காலை நடை: குமரி மாவட்டத்தில் எந்த மாதம் எந்தப் பாதை?

வடசேரி_நடை கேட்டது:

வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வரும் ஜனவரி முதல் மாதம் ஒரு ஞாயிறு காலை நடைக்குப் போவதாக இருக்கிறோம். 9 வயதுப் பையன் முதல் 68 வயதுப் பெரியவர் வரை உண்டு. பெரியவருக்கு வலது முழங்கால் முட்டில் லேசான தேய்மானம். சமதரையில் தினமும் ஒரு மணி நேரம் நடப்பார், இறக்கம்தான் பயம்.

காரை நிறுத்திப் படம் எடுத்துத் திரும்புகிற இடங்கள் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் நடக்கிற பாதை வேண்டும். கூடுமானவரை பஸ்ஸில் போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும்.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகலாம்? எங்கெல்லாம் வனத்துறை அனுமதி வேண்டும்? உலக்கை அருவி, முத்துக்குழிவயல் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இளையவர்கள் அங்கே போகலாம் என்கிறார்கள், அது நடக்குமா? தண்ணீர், மருந்து என்ன கணக்கில் எடுத்துப் போக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பொற்றையடியான்:

முதலில் மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் கொட்டும்போது கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கம் பல நாள் வெறும் காற்றாகத்தான் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை எல்லா இடத்தையும் நனைக்கும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குப் பக்கம், அக்டோபர், நவம்பரில் பஸ் ரோட்டை விட்டு அதிகம் விலகாத குட்டி நடை, டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை எங்கும் போகலாம். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

ஜனவரி முதல் நடைக்கு மருந்துவாழ்மலை சரியான இடம். கன்னியாகுமரி போகும் சாதா பஸ்ஸில் ஏறிப் பொற்றையடியில் இறங்குங்கள். எக்ஸ்பிரஸ் வண்டி அங்கே நிற்கும் என்று நம்பி ஏற வேண்டாம். ஜனவரியில் ஆறரை வாக்கில்தான் சூரியன் எழும். வெளிச்சம் வந்தபின் அடிவாரத்தில் கால் வைத்தால் போதும்.

கீழ்ப்பாதியில் படியும் போட்ட பாதையும் உண்டு, கோயில்கள் உண்டு. அங்கே யாருக்கும் சிரமம் இல்லை. அதற்கு மேலே வெறும் பாறை. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகைக்கும் உச்சிக்கும் போகிற பகுதி இதுதான். நின்று நின்று ஏறினால் உச்சிக்கு ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். காரணம் இது: மேற்பாதிப் பாறைகள் உருண்டு திரண்டவை. வெயிலிலும் மழையிலும் பாறையின் மேல்தோல் உதிர்ந்து கடுகு மாதிரி மணிமணியாக அதன் மேலேயே கிடக்கும். பாறை காய்ந்துதானே கிடக்கிறது என்று குதிகாலை முதலில் ஊன்றினால், அந்த மணி உருண்டு கால் முன்னால் ஓடிவிடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதம் முழுவதையும் ஒரே சமயத்தில் பதித்து, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பாறை நேரே சரிந்தால் பக்கவாட்டில் திரும்பி நின்று இறங்குங்கள். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஐந்து லிட்டர் கேனை ஒருவர் கையில் கொடுத்துத் தூக்க வைப்பது பெரிய தப்பு, ஒரு பக்கம் பாரம் இழுத்து அவர்தான் முதலில் விழுவார். அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில்.

தண்ணீர்க் கணக்கு: ஏற்றத்தில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர், மார்ச் முதல் மே வரை இரண்டு லிட்டர். வழியில் குடிநீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். குரங்கு உண்டு, அதனால் தின்பண்டக் கவரைக் கையில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள். ஏத்தன் பழம் அவித்தது, கருப்பட்டித் துண்டு, வறுத்த கடலை எல்லாம் வெயிலில் கெடாது, வயிற்றில் கனமாகவும் உட்காராது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மலையில் மழை குறைவுதான், ஆனால் காற்று மோசம். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று. உச்சியில் ஆளைத் தள்ளும். அந்த மாதங்களில் குகையோடு திரும்புங்கள், பிள்ளைகளை உச்சிக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

---

மார்த்தாண்டம்_மேற்கு:

பெரியவரை மனதில் வைத்து மேற்குப் பக்கம் மூன்று இடம் சொல்கிறேன்.

சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து மலைக்கோயில் வரை கல் பாவிய பாதை, வழியில் மரநிழல் உண்டு. மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். மேலே 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், பக்கத்தில் சுனை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், சிற்பங்களின் மேல் கை வைக்கவோ சாய்ந்து நிற்கவோ கூடாது, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாவிய கல்லில் ஒரு குறை உண்டு: பலர் கால் பட்டுத் தேய்ந்திருப்பதால் ஈரத்தில் சறுக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் கல்லை விட்டுப் பாதையின் ஓரத்து மண்ணில் நடப்பது நல்லது. ஏறி இறங்கினாலே உங்களுக்கு வேண்டிய இரண்டு மணி நேரம் ஆகாது, அதனால் அடிவாரத்துக்கு முன்பே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்து வாருங்கள்.

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. தக்கலைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, நடுவில் சின்ன மலை. மலையை விட்டுவிட்டுக் கோட்டைக்குள் சுற்றினாலே நல்ல நடை. முட்டுவலிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது, நிழலும் உட்காரத் திண்ணையும் உண்டு. ஜூலையில் தூறல் விட்டுவிட்டுப் பெய்தாலும் இங்கே போகலாம்.

மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம். பாலத்தின் மேல் நடந்து அக்கரை போய், படி வழியே ஆற்றுக்கு இறங்கி ஏறலாம். உயரம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் யார் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பாலத்தில் நின்றுவிட்டால் பின்னால் வருகிற கூட்டமும் சேர்ந்து நிற்கும். அந்தப் படி இறக்கத்தைப் பெரியவருக்குச் சொல்ல மாட்டேன். டிசம்பர், ஜனவரியில் சபரிமலை சீசன் கூட்டம் இருக்கும், ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் நிம்மதியாக நடக்கலாம்.

---

சானல்கரை:

மேலே இரண்டு பேரும் மலையையும் கோட்டையையும் சொல்லியாயிற்று. மாதாமாதம் நடக்க நம் மாவட்டத்தில் உள்ள மிக நல்ல பாதை சானல் (பாசனக் கால்வாய்) கரைதான். தோவாளைச் சானல், அனந்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு என்று பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் ஓடுகிற கரைகள் எத்தனையோ கிலோமீட்டர் கிடக்கின்றன. ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரு பக்கம் தென்னை, வாழை, மறுபக்கம் ஏலா (வயல்வெளி), தூரத்தில் மலை. உங்கள் பெரியவர் இரண்டு மணி நேரம் தாராளமாக நடப்பார்.

வழக்கமாக ஜூன் 1-ல் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறந்து, அடுத்த சாகுபடியான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். நடைக்கு ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி, பிப்ரவரி நல்லது. மார்ச்சுக்குப் பின் சானல் காய்ந்துவிடும், தூர்வாரினால் அள்ளிய சகதியைக் கரையிலேயே குவித்து வைப்பார்கள், நடக்க இடம் இருக்காது.

பாதையைத் தேர்ந்தெடுக்கிற விதம் சொல்கிறேன். பஸ் போகிற ரோட்டுப் பாலம் ஒன்றில் தொடங்கி, பஸ் போகிற இன்னொரு பாலத்தில் முடிகிற மாதிரி 6 கிலோமீட்டர் துண்டு ஒன்றை மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு மணிக்கு 3 கிலோமீட்டர்தான் கணக்கு. இரு கரையில் ஒரு கரை ஜீப் போகிற அகலத்தில் இருக்கும், மற்றது ஒற்றையடி. அகலக் கரையில் மட்டும் நடங்கள். காலையில் மேற்கே பார்த்து நடக்கிற மாதிரி தொடக்கத்தை வைத்தால் வெயில் முதுகில் விழும். நடைக்கு முந்தின வாரம் இரண்டு பேர் பைக்கில் போய் முழுத் துண்டையும் பார்த்து வரவேண்டும். கரை உடைந்து கிடப்பதோ, யாராவது வேலி போட்டிருப்பதோ மேப்பில் தெரியாது.

ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சிமெண்ட் பூசிய சானலின் உள்சரிவைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஏறி இறங்குகிற மட்டத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கரும்பச்சைப் பாசி ஒட்டியிருக்கும். கை வைத்தாலும் கால் வைத்தாலும் பிடிக்காது. இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்த நீச்சல்காரரும் கரையேற முடியாமல் களைத்துப்போவது இந்தப் பாசியால்தான். விழுந்தவர் விழுந்த இடத்திலேயே ஏறப் போராடக் கூடாது. தண்ணீரின் ஒழுக்கோடு மிதந்து அடுத்த படித்துறையில் பிடிக்க வேண்டும். கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. குப்புறப் படுத்துக்கொண்டு கயிறோ, முடிச்சுப் போட்ட இரண்டு வேட்டியோ நீட்ட வேண்டும். 10 மீட்டர் நைலான் கயிறு ஒன்று முன்னால் போகிறவர் பையில் எப்போதும் இருக்கட்டும்.

அதைவிட மோசம், சானல் ரோட்டுக்கோ ஓடைக்கோ அடியில் குழாயாகப் போகிற இடம். நுழைவாயில் பக்கம் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், உள்ளே இழுப்பு இருக்கும். மடை, ஷட்டர், குழாய்வாய் எல்லா இடத்திலும் பிள்ளைகள் கையைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும்.

அக்டோபர், நவம்பர் மழையில் கரை உடைவது உண்டு. உடைவதற்கு முன் கரையின் நீளவாக்கில் ஓரத்துக்கு இணையாக ஒரு விரிசல் விழும், அல்லது வெளிச்சரிவின் அடியில் கலங்கலாக ஊற்று வரும். இரண்டில் எதைக் கண்டாலும் அங்கேயே திரும்பி, ஊர்க்காரர்களிடமோ நீர்வளத் துறையிலோ சொல்லிவிடுங்கள். கீழே இருக்கிற வயலும் வீடும் அந்தத் தகவலால் தப்பும்.

பின்னால் வருபவர்களுக்கு வழி காட்டக் கோலப்பொடியில் அம்புக்குறி போடுங்கள், அடுத்த மழையில் போய்விடும். பெயிண்ட் வேண்டாம், கரை அரசாங்கச் சொத்து.

---

கீரிப்பாறை_மழை:

காடு பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் மட்டும் சுமார் 400 சதுர கிலோமீட்டர், மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். வீடியோ எடுத்தவர் போய் வந்தார் என்பது அனுமதி ஆகாது.

முத்துக்குழிவயலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். யானைக் காடு, அரைநாளில் போய் வருகிற இடமும் இல்லை. உலக்கை அருவிக்கு வழி விடுகிற காலமும் உண்டு, மூடி வைக்கிற காலமும் உண்டு. அழகியபாண்டியபுரம் வனச்சரக அலுவலகத்தில் முந்தின நாள் நேரில் கேட்டு, சரி என்றால் மட்டும் போங்கள். ஊரில் யாரோ சொன்னதை வைத்துக் கிளம்ப வேண்டாம்.

காட்டு நடை வேண்டும் என்கிற இளையவர்களுக்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. நம் மாவட்டத்தில் காளிகேசமும் இஞ்சிக்கடவும் அந்தப் பட்டியலில் உண்டு. வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். வயது வரம்பு, கட்டணம், என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதையெல்லாம் பதிவு செய்யும் அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், மாறக்கூடியவை. பையனையும் பெரியவரையும் இதற்குக் கூட்டிப் போக வேண்டாம், குழுவைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தீப் பருவம், அந்த நேரத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பார்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்தது எல்லோருக்கும் தெரியும். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், மனிதன் மேடேறி ஓடி அதை முந்த முடியாது. அதனால் அந்த இரண்டு மாதம் பற்றிக் கெஞ்சிக் கேட்டும் பயனில்லை, கேட்கவும் கூடாது.

சும்மா குளிக்கிற இடமாகக் காளிகேசம் போவதென்றால் தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழி. செக்போஸ்டில் விடுகிற நேரமும் மழை நாளில் மூடுவதும் அவர்கள் முடிவு. ஆறு பற்றி ஒரு விஷயம்: நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே பாலமோர் பக்கம் மழை பெய்திருக்கும். தண்ணீர் லேசாகக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ, பாறையில் நனைந்த கோடு ஒரு விரல் உயர்ந்தாலோ உடனே எல்லோரும் வந்த கரைக்கே ஏறிவிட வேண்டும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடிகிறவரை அங்கேயே இருங்கள், கடக்க முயல வேண்டாம். கயம் (ஆற்றில் ஆழமான குழி) இருக்கிற இடத்தில் யாரும் இறங்க வேண்டாம், மேலே தெளிவாகத் தெரிகிற பாறை நாலு அடி ஆழம் மாதிரி இருக்கும், அதற்கு அப்பால் திடீரென நிலை இருக்காது.

ரப்பர்த் தோட்டங்களுக்குள் நடப்பதென்றால் பொதுச்சாலையை விட்டு இறங்காதீர்கள். அரசு ரப்பர் கழகத் தோட்டமானாலும் தனியார் தோட்டமானாலும் அனுமதி வேண்டும். விடியற்காலையில் பால் வெட்டுகிற வேலை நடக்கும், பால் சேர்கிற சிரட்டையைத் தொட்டால் அவர்கள் அன்றைய கூலி போகும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து தரை முழுக்க மூடிக் கிடக்கும். அடியில் பள்ளமும் வேரும் தெரியாது, பாம்பும் தெரியாது.

---

ஆசாரிப்பள்ளம்_அக்கா:

மருந்துப் பை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேருக்கு: 10 சென்டிமீட்டர் அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, சுத்தமான பருத்தித் துணி நாலு துண்டு, ஒட்டும் பிளாஸ்டர், போவிடோன் அயோடின் களிம்பு, ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் நாலு, டார்ச், விசில். பெரியவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஒரு வேளைக்குக் கூடுதலாக. சர்க்கரை நோய்க்காரர் யாராவது இருந்தால் சாப்பிடாமல் நடைக்கு வரக் கூடாது, அவர் சட்டைப் பையில் சர்க்கரையோ கருப்பட்டியோ இருக்க வேண்டும்.

ஓஆர்எஸ் விஷயத்தில் பலர் செய்கிற தப்பு: பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடி உடம்புக்குக் கெடுதல். 200 மில்லிக்கு என்று சின்னப் பாக்கெட் தனியாக வருகிறது. கவரில் அளவு போட்டிருக்கும், படித்துவிட்டுக் கரையுங்கள்.

கீரிப்பாறை பக்கம் ஜூன் முதல் டிசம்பர் வரை அட்டை உண்டு. காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொள்ளுங்கள். கடித்தால் பிடுங்கவும் வேண்டாம், தீக்குச்சி வைக்கவும் வேண்டாம். நகத்தை அதன் மெலிந்த முனை ஒட்டியிருக்கிற இடத்தில் தோலோடு சேர்த்துத் தள்ளினால் கழன்றுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை. துணி வைத்து 10, 15 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்காமல் போகிறது.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டி இறுக்குவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, வாட்ச் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள். நாகர்கோவிலைச் சுற்றி என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம், தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும். இன்னொன்று, மலைக்காட்டில் இருக்கிற மூக்கு நிமிர்ந்த குட்டி விரியனுக்கு நம்மிடம் கிடைக்கிற விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அதன் கடிக்குத் தாமதிக்காமல் மருத்துவமனைக் கண்காணிப்பு ஒன்றுதான் வழி. காட்டில் பாறை இடுக்கிலும் இலைக்குவியலிலும் கை வைக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

---

வடசேரி_நடை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஜனவரி மருந்துவாழ்மலை, பிப்ரவரி சானல் கரை, மார்ச் சிதறால் என்று குறித்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரை வழியே நடந்தால் என்ன? சொத்தவிளையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் என்று யோசனை. பறவை பார்க்கவும் சிலருக்கு ஆசை. ஜனவரிக்குப் பெரியவர் நானும் வருவேன் என்கிறார், என்ன செய்யலாம்?

---

மணக்குடி_காயல்:

கடற்கரை நடைக்கு அண்ணன் தேர்ந்தெடுத்த மாதம்தான் சரியில்லை. ஏப்ரல், மே மாதங்களில்தான் கள்ளக்கடல் வரும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, கடல் சாதாரணமாகத் தெரியும்போதே திடீரெனக் கரையின் மேல்வரை ஓடி வந்து இழுத்துக்கொண்டு போகும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படித்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிலையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. முந்தின நாள் இரவும் கிளம்புகிற காலையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் நடை கிடையாது, 'கொஞ்ச தூரம்' என்பதும் கிடையாது. முட்டம் பாறைகளிலும் இதே கணக்கு, ஈரமாக இருக்கிற பாறை எல்லாம் அலை எட்டுகிற பாறை.

டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரி கடற்கரைக்கு நல்லது. வற்றம் (கடல் உள்வாங்கும்) நேரத்தில் ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடந்தால் கால் புதையாது. ஆனால் சரிவான ஈர மணலில் ஒரே பக்கமாக ரொம்ப தூரம் நடந்தால் கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே இருந்து இடுப்பும் முட்டும் வலிக்கும். போகும்போது ஈர மணல், வரும்போது மேலே ரோடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். குளச்சலுக்கு மேற்கே கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் அங்கங்கே குறுக்கே நிற்கும். அவற்றின் மேல் ஏறிக் கடக்கவே கூடாது, கற்களுக்கு நடுவே கால் மாட்டினால் எடுக்க ஆள் வேண்டும். ஊர் வழியாகச் சுற்றிப் போங்கள். கரைமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கிற இடத்தில் அதன் வடத்தைத் தாண்டாமல் பின்பக்கமாகப் போக வேண்டும், காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது.

பறவைக்குத் தேரூர், சுசீந்திரம் குளங்கள். முக்கியமான ஈரநிலங்களுக்கான உலக ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தவை, வேம்பனூர் குளமும் அதே ஆண்டு சேர்ந்தது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, காலை 6.30-க்கு அங்கே இருங்கள், 9 மணிக்கு மேல் பறவைகள் ஒதுங்கிவிடும். நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாம் குளக்கரை ரோட்டிலிருந்தே தெரியும். சமதரை, முட்டுக்கு வேலை இல்லை. ஒரே குறை, பஸ்ஸும் பைக்கும் போகிற ரோடு, அதனால் வலப்பக்கமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடங்கள். 8x42 பைனாகுலர் ஒன்றிருந்தால் பன்னிரண்டு பேருக்கும் போதும்.

---

பொற்றையடியான்:

ஏப்ரல், மே மாதங்களுக்கு உதயகிரிக் கோட்டையை வையுங்கள், கடலை ஜனவரி, பிப்ரவரிக்கு மாற்றுங்கள். கோட்டை திறக்கிற நேரத்தை முன்பே கேட்டு, திறந்ததும் உள்ளே போய்விட்டால் நிழலிலேயே நடை முடிந்துவிடும். சிதறாலை மார்ச்சில் வைத்தால் காலை 7 மணிக்குப் பாதையில் இருக்க வேண்டும். மார்த்தாண்டம் போய் மாறி ஏற வேண்டும் என்பதால் வடசேரியிலிருந்து ஐந்தரைக்கே கிளம்ப வேண்டிவரும். அது முடியாவிட்டால் சிதறாலைப் பிப்ரவரிக்கும் சானலை ஜனவரிக்கும் தள்ளுவதே நல்லது, மருந்துவாழ்மலையை டிசம்பர் கடைசியிலோ பிப்ரவரியிலோ வைக்கலாம்.

பெரியவர் மருந்துவாழ்மலைக்கு வரட்டும், ஆனால் போட்ட பாதை முடிகிற இடம் வரைதான். அதற்கு மேல் அவரோடு ஒருவர் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், அந்த ஒருவர் யார் என்பது வீட்டிலேயே முடிவாகி இருக்கட்டும். மேலே போய்ப் பேசினால் எல்லோருக்கும் உச்சிதான் ஆசை. அவருக்குக் கம்பு வேண்டும். சமதரையில் ஊன்றி நிற்கும்போது முழங்கை நேர்கோணத்தில் மடங்குகிற உயரம் சரி, இறக்கத்துக்கு அதைவிட நாலு விரல் நீளம் கூட இருந்தால் நல்லது. வலி இருக்கிற காலுக்கு எதிர்க் கையில், அதாவது இவருக்கு இடக்கையில் பிடிக்க வேண்டும். படி இறங்கும்போது முதலில் கம்பு, பிறகு வலி உள்ள வலது கால், கடைசியில் இடது கால். ஏறும்போது இடது கால் முதலில். முந்தின நாளே வீட்டு மாடிப்படியில் பத்து முறை பழகிவிட்டால் மலையில் யோசிக்க வேண்டியிருக்காது.

நடக்கிற வரிசையும் முக்கியம். வழி தெரிந்தவர் முன்னால், மெதுவாக நடப்பவர் இரண்டாவது, விசில் வைத்திருப்பவர் கடைசி. பிள்ளைகள் நடுவில். பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று பன்னிரண்டு தலை எண்ணிவிட்டுத்தான் நகர வேண்டும். எங்கே இருந்தாலும் 9.30 மணிக்கு எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டச் சொல்லுங்கள், இறக்கத்தில் பெருவிரல் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுப்பது அதனால்தான். ஷூ கயிற்றை ஏறும்போது சாதாரணமாகவும், இறங்குவதற்கு முன் உட்கார்ந்து கணுக்கால் பக்கம் இறுக்கியும் கட்டுங்கள். பௌர்ணமி அன்று ஞாயிறு வந்தால் மலையில் கூட்டம் இருக்கும், அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.